சுழலும் அச்சில் ஏறி நின்று

மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரைக் கணக்கில் பிடிப்பது எளிதல்ல. மூன்று சுருள்களில் மூன்று மின்னோட்டங்கள். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். போதாததற்கு, பல மோட்டார்களில் நடுவே சுழலும் ரோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதற்கேற்பச் சமன்பாட்டின் கெழுக்களும் நொடிக்கு நொடி மாறும்.

1929-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பார்க் இதற்கு வழி கண்டார். ராட்டினத்துக்கு வெளியே நிற்பவருக்கு அதிலிருக்கும் குழந்தையின் முகம் வந்து வந்து மறையும். ஏறி எதிரே உட்கார்ந்தவருக்கு அதே முகம் அசையாமல் தெரியும். பார்க் தன் கணக்கின் அச்சுகளை ரோட்டாரோடு சேர்த்தே சுழலவிட்டார். மோட்டார் சீராக ஓடும்போது, அலைபாய்ந்த மின்னோட்டங்கள் அந்த அச்சுகளில் மாறாத இரண்டு எண்களாக நின்றுவிடும். ஒன்று ரோட்டாரின் காந்தப்புலத்தின் திசையில். மற்றது அதற்குச் செங்குத்தாக. ரோட்டாரைத் திருப்பும் விசை பெரும்பாலும் இந்த இரண்டாவதிலிருந்தே வருகிறது.

மூன்று எப்படி இரண்டானது? நடுக்கம்பி இல்லாத இணைப்பில் மூன்று மின்னோட்டங்களையும் கூட்டினால் பூஜ்யம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே தெரியும். மூன்றை இரண்டு செங்குத்து அச்சுகளுக்கு மாற்றும் இந்தப் படி எடித் கிளார்க்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1919-இல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். நம் வகுப்பறைகளில் இவரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

இப்படி மாறியை மாற்றும் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது, திரும்பி வரும் வழி. மின்சார ஸ்கூட்டரின் கட்டுப்பாட்டுக் கருவி மின்னோட்டத்தை அளந்து, இரண்டு எண்களாக மாற்றி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, குறைக்க வேண்டியதைக் குறைத்து, மறுபடியும் மூன்று மின்னழுத்தங்களாக்கிச் சுருள்களுக்கு அனுப்புகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது. சுருள்கள் ஏற்பது மூன்று மின்னழுத்தங்களை மட்டுமே. ஆகவே திரும்பும் வழியில்லாத மாற்றம் இங்கே எதற்கும் உதவாது.

பிரதியிடல் முறையைக் கற்றுத்தரும் கணித ஆசிரியர்களே, கரும்பலகையில் மாறியை மாற்றும் அன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கி, கிளார்க்கையும் பார்க்கையும் பற்றிச் சொல்லுங்கள். 'இது எதற்குப் பயன்படும்?' என்று கேட்கும் மாணவருக்கு நேரான பதில் கிடைக்கும்.