பூட்டும் பொறுப்பும்

காரியாலயக் கணினிகளில் ஊழியர் தம் விருப்பப்படி மென்பொருள்களைத் தரவிறக்க முடியாதபடி பூட்டிடுவது இன்று பரவலான வழக்கம். "இத்தனை வருடம் உழைத்த என்னை நம்பவில்லையா?" என்று ஊழியர் மனம் கேட்கிறது. அற்பமான கேள்வியென இதனைத் தள்ளிவிட முடியாது. அவநம்பிக்கை மனிதனைச் சிறுமைப்படுத்துவது.

ஆனால் பூட்டெல்லாம் சந்தேகமல்ல. 1975ஆம் ஆண்டு சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு கணினி அறிஞர்கள் ஒரு கோட்பாட்டை வகுத்தனர். எந்த நிரலுக்கும் எந்தப் பாவனையாளருக்கும் தத்தம் வேலைக்குத் தேவையான அளவு அதிகாரமே இருத்தல் வேண்டும் என்பது அது. இங்கே நல்லவர், கெட்டவர் என்ற பேச்சே இல்லை. நேர்மையான ஊழியரின் கணக்கினுள் புகும் தீநிரலும் அவருக்குள்ள அதிகாரம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். ஆதலால் இவ்விதி மேலதிகாரிக்கும் பொருந்தும். அவருக்கு மட்டும் விலக்களித்தால் அது பாதுகாப்பல்ல, தரம் பிரித்தல்.

பூட்டுக்கு மறுபக்கமும் உண்டு. புதிய மென்பொருளைத் தடுக்கும் அதே பூட்டு, பழைய மென்பொருளின் ஓட்டையை ஊழியர் தாமாக அடைப்பதையும் பல வேளைகளில் தடுத்துவிடுகிறது. அப்படியாயின் அடைக்கும் கடமை யாருடையது? சாவியை எடுத்துக்கொண்டவருடையது.

2017 மே 12இல் பரவிய 'வோனாகிறை' இதற்குச் சான்று. அது எவருடைய தரவிறக்கத்துக்காகவும் காத்திருக்கவில்லை. வலையமைப்பினூடே தானாகவே பரவியது. அது நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் 236 தேசிய சுகாதார சேவை நிறுவனங்களுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. இரத்தான மருத்துவச் சந்திப்புகளில் கணக்குக்கு வந்தவை மட்டும் 6,912. அந்த நோயாளர் எவரும் எந்தப் பொத்தானையும் அழுத்தியவரல்லர். சாவி வைத்திருந்தோரின் தாமதத்துக்குச் சாவியே இல்லாதவர்கள் விலை கொடுத்தார்கள்.

இற்றைப்படுத்தலே நஞ்சானால்? அதுவும் நடந்தது. அவ்வாண்டு ஜூனில் உக்ரேனியக் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் இற்றைப்படுத்தல் வழியாகவே 'நொட்பெட்யா' பரவியது. இது இற்றைப்படுத்தலை நிறுத்துவதற்கு நியாயமாகாது. எத்தனை பூட்டிட்டாலும் எங்கோ ஓரிடத்தில் எவரையோ நம்பியே ஆகவேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

ஆகவே பூட்டுவது சரியா, பிழையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. பூட்டியவர் திருத்தங்களைத் தாமதமின்றி எல்லாக் கணினிகளுக்கும் சேர்ப்பிக்கிறாரா? தேவையான மென்பொருளை ஊழியர் கேட்டால் காரணத்தோடு விரைந்து பதிலளிக்கிறாரா? தமக்கும் அதே விதியை ஏற்கிறாரா? மூன்றுக்கும் ஆமென்றால் ஊழியர் இழப்பது சிறு வசதி மாத்திரமே. இல்லையென்றால், பிறருடைய உரிமையை வாங்கிக்கொண்டு அதற்குரிய வேலையைச் செய்யாதவராகிறார் அவர். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது அநீதி.