முதுமையுற்ற வீரரும் கூலியின் அறமும்

ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கழகங்கள் ஆண்டுக்கு இருமுறை, கோடைக் காலத்திலும் ஜனவரித் திங்களிலும், புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அவ்வேளைகளில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது. ஒரு காலத்தில் கோல்களைக் குவித்துப் பெரும்புகழ் ஈட்டியவர். இன்று வயது முப்பத்தைந்தை நெருங்குகின்றது, அல்லது கடந்துவிட்டது. முழங்காலோ கணுக்காலோ அடிக்கடி காயமுறுகின்றது. அத்தகைய முன்கள வீரர் ஒருவரை ஒரு கழகம் ஊதியம் கொடுத்து ஏற்கலாமா, கூடாதா?

இது விளையாட்டுப் பித்தர்களின் வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. நம் இல்லங்களிலும் பிள்ளைகள் நள்ளிரவுவரை விழித்திருந்து இவ்வாட்டங்களைக் காண்கின்றனர். மறுநாள் உணவு வேளையில் இவ்வினாவையே விவாதிக்கின்றனர். அவர்களுடைய விவாதம் பெரும்பாலும் கோல் கணக்கோடு முடிந்துவிடுகின்றது. ஆனால் இதன் உள்ளே இருப்பது கூலி கொடுப்போர், கூலி பெறுவோர், மனித உடல் ஆகிய மூன்றையும் பற்றிய அறக்கேள்வியாகும். நம் ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்னும் கூலி உடன்படிக்கைக்குத் தனிப்பாடம் வகுத்திருக்கின்றன; குதிரைப் பந்தயத்திற்கும் அம்பெய்தல் போட்டிக்கும்கூடத் தனிப்பாடம் உண்டு. ஆதலின், அந்த விளக்கைக் கொண்டே இவ்வினாவையும் நோக்குவோம்.

முதலில் நிகழ்ந்ததொரு செய்தியை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டின் ஏ.சி. மிலான் கழகம் 2011க்குப் பிறகு நாட்டு வாகையர் பட்டத்தைக் காணாது தளர்ந்திருந்தது. 2019 டிசம்பர் 22 அன்று அட்டலாண்டா அணியிடம் ஐந்து கோல்களுக்கு ஒன்றுமின்றித் தோற்றது. அடுத்த சில நாள்களில் அக்கழகம் ஸ்வீடன் நாட்டு வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சை ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 38. 2017 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக ஆடுகையில் முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். அவரைச் சேர்த்தது அறிவீனம் என்றோர் பலர்.

பின்னர் நடந்தது யாது? எஞ்சிய பருவத்தில் 18 லீக் ஆட்டங்களில் 10 கோல்களை அவர் அடித்தார். மிலான் அப்பருவத்தை ஆறாம் இடத்திலும், அடுத்த பருவத்தை இரண்டாம் இடத்திலும் முடித்து, 2022 மே திங்களில் 11 ஆண்டுகளுக்குப் பின் பட்டத்தை வென்றது. எனவே ஏற்றது சரியே என்று தீர்ப்பெழுதி எழுந்துவிடலாமா? கூடாது. இதே வீரர் காயமுற்றபின் 2017 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை மீண்டும் ஏற்றது. அப்பருவத்தில் அவர் ஆடியது 7 ஆட்டங்கள், அடித்தது ஒரே கோல். முடிவை மட்டும் பார்த்தால் முன்னது அறிவுடைமை, பின்னது மடமை என்றாகிவிடும். ஆனால் முடிவை எவரும் முன்கூட்டி அறியார். அது இறைவன் கைவசம் உள்ளது. மனிதரின் செயலை, அவர் தெரிந்துகொண்டிருந்தவற்றையும் எண்ணிய எண்ணத்தையும் வைத்தே எடைபோடல் வேண்டும்.

கூலிக்கு ஒருவரை அமர்த்துவதற்கான அளவுகோலைத் திருமறை அல்கஸஸ் அத்தியாயத்தில் காட்டுகின்றது. மத்யனில் நீர்த்துறையருகே தம் ஆடுகளுக்கு நீர் புகட்ட உதவிய மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு அப்பெரியவரின் மகளார் தந்தையிடம் பரிந்துரைக்கின்றார். அவர் கூறும் காரணங்கள் இரண்டு: வலிமை, நம்பகம். மூஸா (அலை) அவர்களின் முற்கால வரலாற்றை அம்மங்கை அறிந்திலர். கண்ணெதிரே கண்ட வலிமையையும் பண்பையும் கொண்டே பேசினார். இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பழம்புகழுக்குக் கூலி இல்லை. இன்றைய வலிமைக்கே கூலி. பத்தாண்டுகளுக்கு முன் அடித்த கோல்களை எண்ணி ஒருவரை ஏற்கும் கழகம், நினைவுக்கு விலை கொடுக்கின்றதேயன்றி வேலைக்கன்று.

ஆயினும் வலிமை என்பது யாது என்று ஆராய்தல் வேண்டும். விரைந்தோடும் கால் மட்டுமே வலிமை என்போர் கால்பந்தையே அறியாதவர். பந்து வருமிடத்தை முன்னுணரும் அறிவு, தற்காப்பாளர் இருவரைத் தம்பால் இழுத்துத் தோழருக்கு இடம் உண்டாக்கும் திறம், தோல்வியில் துவளும் இளைஞரை அதட்டியும் அணைத்தும் நிமிர்த்தும் ஆளுமை இவையும் வலிமையே. மிலான் அணியில் அப்போது பெரும்பாலோர் இளைஞர். 1999இல் பிறந்த ரஃபாயேல் லியாவ் அவர்களுள் ஒருவர். பட்டம் வென்ற பருவத்தில் இத்தாலி லீக்கின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த லியாவ்தாம். மூத்தவர் வந்ததால் இளையவரின் வழி அங்கு அடைபடவில்லை. ஆனால் எல்லாக் கழகங்களிலும் இவ்வாறு நிகழும் என்பதற்கில்லை. வளரும் பிள்ளை ஒருவன் பக்கப் பலகையில் அமர்ந்து காத்திருக்க, ஓடவியலாத ஒருவர் பெயருக்காக நிறுத்தப்படுவாராயின், அது அப்பிள்ளையின் உரிமையைப் பறிப்பதாகும்.

இங்கே சிலர் இரக்கத்தை முன்வைப்பர். “பாவம், இத்தனை ஆண்டுகள் உழைத்தவர், இன்னும் ஓராண்டு ஆடட்டுமே” என்பர். இரக்கம் உயர்ந்த பண்புதான். எனினும் அதை வைக்குமிடம் அறிந்து வைத்தல் வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரன்புக்குரிய தோழர். அவர் ஒரு பொறுப்பை வேண்டியபோது, அவர் பலமற்றவர் என்பதையும், பொறுப்பு ஓர் அமானிதம் என்பதையும் எடுத்துச்சொல்லி அண்ணலார் அதனை வழங்கவில்லை என ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கின்றது. அன்பு குறைந்ததாலன்று, அன்பு இருந்ததாலேயே தாங்கவியலாத சுமையை அவர் தோளில் ஏற்றவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பார்வை மங்கிய யூத முதியவர் ஒருவர் இரந்து நிற்பதைக் கண்டு, இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்று கூறிப் பொது நிதியிலிருந்து அவருக்கு வழிசெய்த வரலாற்றை இமாம் அபூயூசுஃப் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் தருகின்றார். நாம் கவனிக்க வேண்டியது இது: உமர் (ரலி) அம்முதியவருக்கு மீண்டும் ஒரு வேலையைச் சுமத்தவில்லை, உதவித்தொகையை வழங்கினார். ஆகவே, உழைத்துத் தேய்ந்த வீரருக்குக் கழகம் பட்டிருக்கும் நன்றிக்கடனை மருத்துவச் செலவாகவும் ஓய்வுக்கால உதவியாகவும் பயிற்சியாளர் பணியாகவும் தீர்க்கலாம். ஆடுகளத்தில் ஓரிடத்தை இரக்கத்தால் வழங்குவது அவருக்கும் நன்மையன்று, அணிக்கும் நன்மையன்று. மான்செஸ்டர் யுனைடெட்டின் செயலையும் இவ்வாறே நாம் காண்கின்றோம். தன் பணியில் காயமுற்றவரை அக்கழகம் கைவிடாதது போற்றத்தக்கது; அதன் பலனைக் கோல்களால் அளக்க வேண்டுவதில்லை.

அடுத்து, உடன்படிக்கையின் நேர்மை. தானியக் குவியலினுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட அண்ணலார், குறையை மேலே வைத்து மக்களுக்குக் காட்டாத வணிகரைக் கண்டித்த செய்தி நாம் யாவரும் அறிந்ததே. தம் முழங்காலின் உண்மை நிலையை மறைக்கும் வீரரும், அதற்குத் துணைபோகும் தரகரும், விற்கும் கழகமும் அந்த ஈரத் தானியத்தையே விற்கின்றனர். இதனாலன்றோ ஒப்பந்தத்திற்கு முன் மருத்துவச் சோதனையை வழக்கமாக வைத்திருக்கின்றனர்! 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நெதர்லாந்து வீரர் வான் நிஸ்டல்ரூயின் முழங்காலில் ஐயம் எழுந்ததால் மான்செஸ்டர் யுனைடெட் ஒப்பந்தத்தை நிறுத்தியது. சில நாள்களுக்குள் பயிற்சியின்போது அவருடைய தசைநார் அறுந்தது. ஓராண்டு பொறுத்திருந்து, குணமடைந்த பின் அதே கழகம் அவரை ஏற்றது. அவர் அங்கே ஐந்தாண்டுகளில் 150 கோல்களை அடித்தார். அவர் இளைஞர்தாம், எனினும் உண்மை வெளிப்பட்டதால் இரு தரப்புக்கும் கேடில்லாமற் போயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

இதன் மறுபுறத்தையும் ஃபிக்ஹு சொல்லித்தருகின்றது. குறையை அறிந்தே ஒரு பொருளை வாங்கியவருக்கு, அக்குறையைக் காரணங்காட்டித் திருப்பித்தரும் உரிமை இல்லை. அவ்வாறே, காய வரலாற்றை அறிந்து ஒரு வீரரை ஏற்ற கழகம், அவர் மீண்டும் காயமுற்றால் ஊதியத்தைக் குறைக்கவோ, பத்திரிகைகளின் வாயிலாக ஏசவோ உரிமையற்றது. அரங்கில் அமர்ந்து கூச்சலிடும் இரசிகருக்கும் இது பொருந்தும். ஆகையால் காலவரையறையை அளந்து வைப்பதே அறிவுடைமை. மூஸா (அலை) அவர்களின் உடன்படிக்கையிலும் எட்டு ஆண்டுகள் கடமை, மேலும் இரண்டு விருப்பம் என்று தெளிவாக வரையறுக்கப்பட்டது. மிலான் கழகம் இப்ராஹிமோவிச்சுடன் முதலில் செய்துகொண்டதும் அப்பருவ முடிவுவரை ஆறு திங்கள், விரும்பினால் நீட்டிப்பு என்பதேயாகும். இரு தரப்பினரும் ஏமாறாமல் இருக்க அதுவே தக்க வழி.

இனி, யாவற்றினும் கடுமையான பகுதிக்கு வருகின்றோம். அது வீரரின் உடலைப் பற்றியது. அர்ஜெண்டினாவின் கப்ரியேல் பட்டிஸ்டூட்டா 2000ஆம் ஆண்டில், 31 வயதில், ரோமா கழகத்திற்குப் பெருந்தொகைக்குச் சென்றார். முதற்பருவத்திலேயே 20 லீக் கோல்கள். 18 ஆண்டுகளுக்குப் பின் ரோமாவுக்குப் பட்டம். கணக்கேட்டில் இது பெரும் ஆதாயம். ஆனால் ஓய்வு பெற்றபின் தம் கணுக்கால்களின் வேதனை பொறாமல், கால்களை வெட்டி எறிந்துவிடுமாறு மருத்துவரிடம் மன்றாடியதாக அவரே பின்னாளில் கூறினார். இரவில் சில அடி தூரத்திலிருந்த கழிப்பறைக்கு நடக்கவும் இயலாதிருந்தாராம். இப்ராஹிமோவிச்சும் பட்டம் வென்ற பருவத்தின் கடைசி ஆறு திங்கள்களில் தம் இடது முழங்காலில் தசைநார் இன்றியே ஆடியதாகவும், வாரந்தோறும் முழங்காலிலிருந்து நீர் எடுக்கப்பட்டதாகவும், 20க்கும் மேற்பட்ட ஊசிகள் போட்டுக்கொண்டதாகவும், நாள்தோறும் வலி மாத்திரைகளை உண்டதாகவும் வெளிப்படுத்தினார். அரங்கம் ஆர்ப்பரித்த வேளையில் அந்த முழங்காலைக் கண்டவர் எத்தனை பேர்?

“அவர் தாமே விரும்பி ஆடினார், கழகத்தின் குற்றம் யாது?” என்று வினவலாம். இது வலுவான வினாவே. வளர்ந்த மனிதர், செல்வமும் அறிவும் உடையவர், தம் விருப்பத்தால் வேதனையைத் தாங்கினார். அம்மன உறுதியை நாமும் வியக்கின்றோம். எனினும் விருப்பம் ஒன்றே எல்லாவற்றையும் ஆகுமாக்கிவிடாது. உடலுக்கும் மனிதன்மீது உரிமை உண்டென்று அண்ணலார் நவின்றது, வணக்கத்திலேயே தம்மை மிகையாக வருத்திக்கொண்ட தோழரை நோக்கியாகும். வணக்கத்திற்கே அந்த வரம்பு என்றால், பந்தாட்டத்திற்கு வரம்பில்லாது போகுமா? மேலும், ஃபிக்ஹின்படி கூலிக்கு அமர்த்துவோர் வாங்குவது உழைப்பின் பயனையே, உடலையன்று. வாடகைக்குப் பெற்ற விலங்கின்மீது பேசியதற்கு மேல் சுமையேற்றியவர் அதன் சேதத்திற்குப் பொறுப்பாளி என்று சட்டம் கூறுகின்றது. தம்மைப் பட்டினியிட்டு ஓயாது வேலை வாங்குவதாக ஒட்டகம் ஒன்று முறையிட, அதன் உரிமையாளரை அண்ணலார் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. வாயற்ற ஒட்டகத்திற்கே அந்த உரிமை. வெற்றிக்காக எதையும் தாங்கத் துணிந்த வீரர், ஒருவகையில் வாயற்றவரே. ‘வலிக்கின்றது, போதும்’ என்று சொல்லும் வாயை ஆர்வம் அடைத்துவிடுகின்றது. அவ்வேளையில் அவருக்காகப் பேசவேண்டியவர் மருத்துவர். அம்மருத்துவரோ கழகத்திடம் கூலி பெறுபவர்! எனவே, இறுதிச் சொல் கழகத்தைச் சாராத மருத்துவருடையதாய் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

வீரருக்கும் ஒரு கடமை உண்டு. அண்ணலாரின் ‘அள்பா’ என்னும் ஒட்டகம் பந்தயங்களில் முந்தப்படாததாய் விளங்கியது. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்தினார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தை அளித்தது. உலகில் உயர்ந்த எதனையும் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று பெருமானார் அவர்களைத் தேற்றினார்கள். ஒட்டகத்தை இகழவுமில்லை, முந்தியவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. இப்ராஹிமோவிச் 2023 மார்ச்சில், 41 வயதில், இத்தாலி லீக்கில் கோலடித்தோருள் மிக முதியவர் என்னும் பெயரைப் பெற்றார். அப்பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் நான்கே. அவ்வாண்டு ஜூனில் ஓய்வை அறிவித்தார். எவ்வளவு பெரிய வீரருக்கும் அந்த நாள் வந்தே தீரும்.

ஆகவே நம் முடிவு இது. முதுமையும் காயமும் உடையவரை ஏற்பது குற்றமன்று; மறுப்பதும் குற்றமன்று. அணிக்கு வேண்டிய வலிமை அவரிடம் இன்று உண்மையாகவே இருந்தால், உடல்நிலை ஒளிவின்றிக் கூறப்பட்டால், காலமும் ஊதியமும் அளவோடு வரையறுக்கப்பட்டால் ஏற்கலாம். ஆனால் நலமுள்ளவரை ஏற்பதைக் காட்டிலும் நலிந்தவரை ஏற்பது கனத்த அமானிதமாகும். அவருடைய கடைசி ஆட்டத்திற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகள் அவர் அதே கால்களால் நடக்கவேண்டும். பேரக் குழந்தைகளைத் தூக்கவேண்டும். அந்த நடையையும் கணக்கில் சேர்க்காத கழகம், எத்தனை பட்டங்களை வென்றாலும், அவரை ஏற்கத் தகுதியற்றது.

அடுத்தமுறை நம் பிள்ளைகள் இவ்வினாவை எழுப்பும்போது, எத்தனை கோல் அடிப்பார் என்பதோடு நில்லாமல், ஆடி முடித்தபின் எப்படி நடப்பார் என்றும் கேட்கப் பழக்குவோமாக. தம்மிடம் வேலை செய்வோரின் உடலையும் முதுமையையும் அமானிதமாகக் கருதும் நெஞ்சை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக!