கடைசிப் படகின் நேரம்

துடுப்பு வலிக்கிறவர்கள் போகிற திசையைப் பார்ப்பதில்லை. படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்துதான் வலிப்பார்கள். முந்திப் போகிற படகில் இருப்பவர்களுக்குப் பின்னால் வரும் எல்லோரும் தெரிவார்கள். கடைசிப் படகில் இருப்பவர்களுக்குத் தெரிவது வெறும் தண்ணீர், அப்புறம் நடுவரின் மோட்டார் படகு. ரொம்பவும் பின்தங்கிவிட்டால் அந்த மோட்டார் படகும் அவர்களைத் தாண்டிப் போய்விடும். முன்னால் நடக்கும் போட்டியின் பக்கத்தில் நடுவர் இருந்தாக வேண்டுமே.

நியூசிலாந்துக்கு வந்து, மகள் பள்ளியில் படகுக் குழுவில் சேர்ந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பள்ளி முடித்து ஆறு வருடமாகிறது. நான் இன்னும் ஏரிக்கரையில்தான் இருக்கிறேன். எங்கள் வட்டாரப் பள்ளிகளின் போட்டிக்கு நேர அட்டவணை போடுவது என் பொறுப்பு.

இந்த நாட்டில் பள்ளிப் படகுப் போட்டி என்றதும் எல்லோரும் சொல்வது மாடி கோப்பையைத்தான். பெயர் எகிப்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படையினர் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாடி என்ற இடத்தில் முகாமிட்டிருந்தார்கள். ஓய்வு கிடைத்தபோது நைல் நதியில் துடுப்பு வலித்தார்கள். அங்கே கிடைத்த கோப்பை அவர்களோடு ஊர் திரும்பியது. 1947 முதல் அதற்காகப் பள்ளிப் பையன்கள் மோதுகிறார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பையன்களின் எட்டுப்பேர் படகுக்கு அந்தக் கோப்பை. பெண்களின் எட்டுப்பேர் படகுக்கு லெவின் ஜூபிலி கோப்பை. மார்ச் கடைசியில், ஒரு வருடம் வட தீவின் கரப்பிரோ ஏரியில், மறு வருடம் தென் தீவின் ருவாடனிஃபா ஏரியில் நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு ஏரிகளுமே மின்சாரத்துக்காக ஆற்றை மறித்ததில் உண்டானவை. கரப்பிரோ நிரம்பியதும் 1947-இல்தான். பள்ளிப் போட்டிக்கும் ஏரிக்கும் ஒரே வயது. போட்டி வருடா வருடம் பெருத்துக்கொண்டே வருகிறது. ஏரி அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் வட்டாரப் போட்டி மாடி போட்டியின் முன் மிகச் சிறியது. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். 2000 மீட்டர் தூரம், மிதவைகள் கட்டிப் பிரித்த எட்டுத் தடங்கள். ஒரு பிரிவில் 64 படகுகள் பெயர் கொடுத்தால் எட்டுத் தகுதிச் சுற்றுகள். ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 65-ஆவதாக ஒரு பள்ளி பெயர் கொடுத்ததும் ஒன்பதாவது சுற்று வேண்டும். ஒரே ஒரு படகுக்காக இன்னும் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? காலையில் பனிமூட்டம் விலகாமல் தொடங்க முடியாது. பிற்பகலில் காற்று எழுந்துவிடும். குறுக்குக் காற்றில் கரையோரத் தடத்துக்கு மறைவு கிடைக்கும், நடுத் தடத்துக்குக் கிடைக்காது. அப்படி நடத்தினால் ஜெயிப்பது காற்றுதான், பிள்ளைகள் இல்லை. ஆகவே பகலின் இரண்டு ஓரமும் கட்டப்பட்டவை. நடுவில் இருப்பதைத்தான் நறுக்க வேண்டும்.

நான்கு வருடங்களுக்கு முன் நான் நறுக்கினேன். அந்த வருடம் பெயர் கொடுத்த படகுகள் எங்கள் கணக்கையெல்லாம் தாண்டின. போட்டி நடத்தும் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். புதிதாகச் சில சிறு ஊர்ப் பள்ளிகள் வந்திருந்தன. எட்டு நிமிட இடைவெளியை ஆறாக்கினேன். காகிதத்தில் எல்லாம் பொருந்தியது. அட்டவணையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை, முதல் வருடப் பெண்களின் நால்வர் படகுச் சுற்று. எதிர்க்காற்று லேசாக இருந்தது. முன்னணிப் படகு ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. புதிதாக வந்த ஒரு சின்னப் பள்ளியின் படகு ரொம்பப் பின்னால். அந்தப் பெண்கள் துடுப்புப் பிடித்து ஆறு மாதம்கூட இருக்காது. 1500 மீட்டர் தாண்டியதும் ஒருத்தியின் துடுப்பு தண்ணீருக்குள் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொண்டது. பிடி அவள் வயிற்றில் இடித்தது. படகு நின்றுவிட்டது. துடுப்பை விடுவித்து, மூச்சு வாங்கி, சுக்கான் பிடிக்கிற சிறுமி மறுபடி எண்ணத் தொடங்குவதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் அடுத்த சுற்று கிளம்பியிருந்தது. அது பெரிய பையன்களின் எட்டுப்பேர் படகுகள். பதினெட்டு மீட்டர் நீளம், ஏறக்குறைய ஆறரை நிமிடத்தில் முழுத் தூரத்தையும் கடந்துவிடும். நடுவருக்கு வேறு வழியில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பெண்களைத் தடத்தை விட்டு ஓரம் போகச் சொன்னார். அவர்கள் கரையோரமாக ஒதுங்கி, துடுப்புகளைத் தண்ணீரில் கிடத்திக்கொண்டு, எட்டுப்பேர் படகுகள் கடந்து போவதைப் பார்த்தார்கள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருநூறு மீட்டர்கூட இல்லை.

முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே "முடிக்கவில்லை" என்று அச்சானது.

மதியம் அந்தப் பள்ளியின் சிறுமி ஒருத்தி எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. "எங்கள் நேரம் எவ்வளவு என்று தெரியுமா?" என்று கேட்டாள். அடுத்த போட்டியில் அதைவிடக் குறைக்க வேண்டுமாம். அவர்களுக்கு நேரமே எடுக்கவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஆனால் நாங்கள் நிறுத்தவில்லையே" என்றாள். அது உண்மை. முடிக்க விடாதது என் ஆறு நிமிடம். பழைய எட்டு நிமிடத்தில் அவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். கூட்டிப் பார்த்துவிட்டேன், பல முறை.

என் அப்பா எங்கள் தெருக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பார். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் சாப்பிடும்போது அவர் அந்தப் பக்கமே போக மாட்டார், அங்கே கவனிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். மூன்றாவது பந்திக்குத்தான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். பந்தல்காரன், மேளக்காரர், பாத்திரம் கழுவுகிறவர்கள் உட்காருகிற பந்தி. அப்பளம் இருக்கிறதா, பாயசத்தில் தண்ணீர் விளாவிவிட்டார்களா என்று அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்ப்பார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமானால் மற்றவர்கள் பெருமைப்படுவார்கள், அவர் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் காரணம் எனக்கு இந்த ஏரிக்கரையில்தான் புரிந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: தகுதி நேரம் வைத்துவிடலாம், இத்தனை நிமிடத்துக்குள் வலிக்க முடியாதவர்கள் வர வேண்டாம். கெட்ட மனதோடு சொன்னதில்லை. சொன்னவர் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நான்கு வருடம் உழைத்த பிள்ளைக்குக் காற்றில்லாத தண்ணீரில் ஒரு இறுதிப் போட்டி கிடைக்க வேண்டாமா? கற்றுக்குட்டிகளுக்காகக் காலை நேரத்தைச் செலவழித்தால் அவளுடைய போட்டி காற்று நேரத்துக்குத் தள்ளிப்போகும். அவளுக்கும் அது ஒரே ஒரு வாய்ப்பு. இதற்கு என்னிடம் முழுப் பதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் ஒன்று சொன்னேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மாடி போட்டியே நடக்காமல் போனபோது எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. அதுதான் அவனுடைய கடைசி வருடம். அவன் ஒருமுறைகூடத் தகுதிச் சுற்றைத் தாண்டியவன் இல்லை, அந்த வருடமும் தாண்டியிருக்க மாட்டான், அது அவனுக்கே தெரியும். அவனுக்கு நாம் எந்தத் தகுதி நேரம் வைத்திருப்போம் என்று கேட்டேன். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் யாரிடமிருந்து எடுப்பது என்று நீயே சொல்" என்றார்.

பெரிய பள்ளிகளிடமிருந்து எடுத்தோம். ஒரு பிரிவில் ஒரு பள்ளிக்கு இரண்டு படகுக்கு மேல் இல்லை. அந்தப் பள்ளிகளில் மூன்றாவது படகாக வரவேண்டிய பிள்ளைகள் வரவில்லை, அவர்களும் பிள்ளைகள்தான். ஒரு அம்மா எனக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் தவறான வரி ஒன்றுகூட இல்லை. எங்களிடமிருந்தும் எடுத்தோம்: பனிமூட்டம் விலகினால் அரை மணி முன்னதாகத் தொடக்கம், தன்னார்வலர்களுக்கு நீண்ட நாள். முதல் வருடப் பிள்ளைகளின் சுற்றுகளுக்குப் பின்னால் மட்டும் பத்து நிமிடம் விட்டோம். இறுதிப் போட்டிகளை நகர்த்தவில்லை.

முடிவுக் கோட்டில் ஒவ்வொரு படகின் மூக்கு நுனியிலிருக்கும் ரப்பர்ப் பந்து கோட்டைத் தொடும்போதும் ஒரு ஹாரன் ஒலிக்கும். முதல் நான்கு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்புறம் இடைவெளி கூடும். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் சில சமயம் இரண்டு நிமிடம்கூட ஆகும். கரையில் இருப்பவர்கள் தேநீர் வாங்கப் போய்விடுவார்கள். நேரக் குடிலில் இருப்பவர் பொத்தான்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

இந்த வருடத்துக்கான பெயர்ப் பதிவு நேற்று முடிந்தது. முதல் வருடப் பெண்களின் நால்வர் படகில் 33 பெயர்கள். நான்கு சுற்று போதாது, ஐந்து வேண்டும். நேரக் குடில்காரரைக் கூப்பிட்டு இன்னும் கால் மணி முன்னால் வரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.