முடிவு தெரிந்தவரின் பார்வை

1979 நவம்பர் 28. ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் ஆக்லாந்திலிருந்து கிளம்பி அண்டார்டிகாவின் மேல் பறந்துகொண்டிருந்தது. அங்கே இறங்குவதற்காக அல்ல. பனிக்கண்டத்தைச் சன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக. மேகத்துக்குக் கீழே காற்று தெளிவாக இருந்தது. எதிரே 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் மலை நின்றது. வெண்பனிச் சரிவும் வெண்மேகமும் எல்லை தெரியாமல் ஒன்றிப்போயிருந்ததால் விமானிகளின் கண்ணுக்கு அங்கே மலை இல்லை. தொலைவுவரை விரியும் சமவெளிதான் இருந்தது. 257 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இத்தகைய செய்தி காதில் விழுந்ததும் நாம் கேட்பது ஒன்றுதான்: யார் செய்த தவறு? துயரத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. காரணம் புலப்படாத சாவைவிடக் குற்றவாளி உள்ள சாவு நமக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. 1980இல் வெளிவந்த முதல் விசாரணை அறிக்கையும் விமானியின் முடிவையே சுட்டியது. இருப்பிடம் உறுதியாகத் தெரியாத நிலையில், அடிவானம் தெளிவில்லாத திசையை நோக்கி, தாழ்ந்த உயரத்தில் தொடர்ந்து பறந்தார் என்றது. தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். ஆனால் அதை எழுதிய கைக்கு மலை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

விடை தெரிந்த பிறகு விடுகதை எளிதாகிவிடுகிறது. முடிவை அறிந்தவர் திரும்பிப் பார்க்கையில், நடந்தவை யாவும் அந்த ஒரு முடிவை நோக்கியே வரிசையாக நடந்தவைபோலத் தெரிகின்றன. பாதையில் இருந்த மற்றத் திருப்பங்கள் மறைந்துபோகின்றன. எச்சரிக்கைகள் மட்டும் உரக்க ஒலிக்கின்றன. இறந்தவரிடம் இல்லாத அறிவை அவரிடம் இருந்ததாக வைத்து, அதைப் பயன்படுத்தத் தவறியதற்காக அவரைக் கடிகிறோம். விபத்தை ஆராய்பவர் முதலில் துறக்க வேண்டியது இந்த அறிவைத்தான். மலை கண்ணுக்குத் தெரியாத அந்த இருக்கையில் போய் அவர் அமர வேண்டும். இது இரக்கத்தின் பாற்பட்ட செயல் என்று சிலர் நினைக்கலாம். என்னைக் கேட்டால், இரக்கத்தைவிடக் கடினமான அறிவொழுக்கம் இது.

அடுத்து அமைக்கப்பட்ட அரச விசாரணையை நடத்திய நீதிபதி பீட்டர் மேஹன் அந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தார். தாம் எங்கே இருப்பதாக விமானிகள் நினைத்திருந்தார்கள் என்று கேட்டார். பயண வழியின் கணினிப் பதிவில் ஓராண்டுக்கும் மேலாக ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழையின்படி விமானப் பாதை மலையைவிட்டு விலகி, உறைந்த கடற்பரப்பின் மேல் சென்றது. விமானிகள் மனத்தில் பதித்துக்கொண்டதும் அந்தப் பாதையைத்தான். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு பதிவு திருத்தப்பட்டது. புதிய பாதை நேராக மலையை நோக்கிச் சென்றது. திருத்தம் சரியானது. விமானிகளிடம் அது சொல்லப்படவில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு பிழை பல பயணங்களைத் தீங்கின்றிக் கொண்டுசென்று மீட்டது. ஒரு திருத்தம் 257 உயிர்களைக் கொண்டுபோயிற்று. தீயோர் எவரும் இல்லாமலே பெருந்தீங்கு விளைய முடியும் என்பதை ஏற்க நம் மனம் மறுக்கிறது. அதனால் இரண்டு புகலிடங்களுள் ஒன்றைத் தேடுகிறது. ஒன்று, குற்றவாளியைக் கண்டுபிடித்து நிம்மதி அடைவது. மற்றொன்று, எல்லாம் ஊழ் என்று கைவிரிப்பது. இவை எதிரெதிரானவைபோலத் தோன்றினாலும், கேள்வியை நடுவழியில் நிறுத்திவிடுவதில் இரண்டும் ஒன்றே.

மேஹனும் இடறிய இடம் உண்டு. விமான நிறுவனத்தின் சாட்சிகள் கூடிப்பேசிப் பொய்யுரைத்தார்கள் என்று தம் அறிக்கையில் கடுமையாக எழுதினார். 1983இல் மேல்முறையீட்டு மன்றமான லண்டனின் பிரிவி கவுன்சில், அத்தனை பெரிய குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பளிக்காதது இயற்கை நீதிக்கு மாறானது என்றது. விபத்தின் காரணம் பற்றிய அவருடைய முடிவை அந்த மன்றம் தொடவில்லை. காரணத்தைத் தேடியவரை வீழ்த்தியது, அவர் இடையில் கையிலெடுத்த தண்டிப்போனின் கோல். விமானிகள் பொறுப்பாளிகள் அல்லர் என்று நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் கூறி மன்னிப்புக் கேட்டது நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், 2019இல். அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

நியூசிலாந்து 1990இல் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையத்தை அமைத்தது. முதலில் வான்வழி, 1992இல் ரயில், 1995இல் கடல் என்று அதன் எல்லை விரிந்தது. ஒருவர்மீது பழி சுமத்துவது அன்று, இத்தகையது மீண்டும் நேராமல் காரணங்களை அறிவதே அதன் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பும் இதையே வகுத்திருக்கிறது. நம் நாட்டில் ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. ரயிலை ஓட்டுபவரிடமே ரயிலை விசாரிக்கும் பணியும் இருக்கலாகாது என்று எண்ணியவர்களின் ஏற்பாடு அது, நகைக்க ஒன்றுமில்லை.

பழி வேண்டாம் என்றால், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்க்கு நீதி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவை இருக்கவே வேண்டும். ஆயினும் இரு பணிகளையும் ஒரே கையில் கொடுத்தால் இரண்டும் கெடும். நடந்ததை அறிந்தவர் தண்டனைக்கு அஞ்சி வாய்மூடிக்கொண்டால், இறந்தவர்க்கு நீதியும் கிட்டாது, இனிப் பயணம் செய்யப்போகிறவர்க்குக் காவலும் கிட்டாது.

1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நியூசிலாந்தின் டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலம் இடிந்தது. ருவாப்பேஹூ எரிமலையின் வாய் ஏரி உடைந்து, சேறும் நீருமாய்ப் பாய்ந்து பாலத்தின் தூண்களைச் சிதைத்திருந்தது. ரயிலில் வந்த 151 பேர் மாண்டனர். மூன்றாண்டுக்குள் நம் அரியலூரில் மருதையாற்று வெள்ளம் அதேபோல் ஒரு ரயிலைக் கொண்டுபோயிற்று. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார். அந்தத் துறவின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பொறுப்பேற்பதால் மனசாட்சி உயர்கிறதேயன்றி, அடுத்த வெள்ளம் எங்கிருந்து வரும் என்பது தெரிவதில்லை. டாங்கிவாய் விசாரணை யார்மீதும் பழி சொல்லவில்லை. எரிமலையிலிருந்து வரும் வெள்ளத்தைக் கவனித்தாக வேண்டும் என்ற அறிவு மட்டும் எஞ்சியது. 2007 மார்ச் 18 அன்று அதே எரிமலை ஏரி மீண்டும் உடைந்து டாங்கிவாய் வழியோடும் ஆற்றில் பெருக்கெடுத்தபோது, மேலே வைத்திருந்த கருவிகள் எச்சரித்தன. சாலை மூடப்பட்டது, ரயில்கள் நிறுத்தப்பட்டன, ஓர் உயிரும் போகவில்லை. அன்று அவ்வழியே செல்லவிருந்தவர்களுள் எவரும் தம்மைச் சாவிலிருந்து மீண்டவர் என்று எண்ணியிருக்கமாட்டார்.

ஆக, ஆராய்பவரிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றோடொன்று முரண்படும் இரு திறன்கள். நடந்துவிட்ட முடிவை மறந்து, இறந்தவரின் அறியாமைக்குள் புகுந்து பார்க்க வேண்டும்; பின்னர் வெளியே வந்து, இன்னும் நடக்காத முடிவை நடந்ததுபோலவே கண்டு நமக்குச் சொல்ல வேண்டும். முதலாவதை அவர் தனியே செய்துவிடலாம். இரண்டாவது நிறைவேற, கேட்பவர் ஒருவர் வேண்டும்.

கேட்பவர் எப்போதும் இருப்பதில்லை. 1968இல் வெலிங்டன் துறைமுக வாயிலில் புயலில் சிக்கிய வாஹினே கப்பல், வாகனத் தளத்தில் சேர்ந்த நீர் புரண்டதால் சாய்ந்து கவிழ்ந்தது. தடுப்பற்ற அகன்ற தளத்தில் நீர் புகுந்தால் கப்பல் நிலைகுலையும் என்பதில் அதன்பின் எவர்க்கும் ஐயம் இருக்க இடமில்லை. 1987இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக துறைமுகத்தை விட்டு ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் முகப்புக் கதவு திறந்தபடியே புறப்பட்டது. அதே வகைத் தளத்தில் கடல் புகுந்து 193 பேர் மாண்டனர். கதவு மூடியிருக்கிறதா என்று மேல்தளத்தில் நிற்கும் தலைவருக்குக் காட்ட ஒரு விளக்கு வேண்டும் என அந்நிறுவனத்தின் கப்பல் தலைவர்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். கதவை மூடச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும்போது விளக்கு எதற்கு என்ற பாங்கில் நிறுவன மேலாளர்கள் ஏளனமாய் மறுத்துவிட்டார்கள். அன்று அந்த மறுப்பு சிக்கனமாகவே தெரிந்திருக்கும். கப்பல் கவிழ்ந்த சில நாட்களிலேயே, அதே வகையில் எஞ்சியிருந்த கப்பல்களில் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டன.