இடைவெளி

பள்ளிக்கரணையில் ஆலயம் கட்டுவதென்றால் பேச்சு தரையில்தான் தொடங்கும். சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இப்போது வாடகை மாடியில் ஆராதனை நடத்தும் எங்கள் சிறு லுத்தரன் சபை, சொந்தமாக இடம் வாங்க நிதி சேர்க்கிறது. எத்தனை அடி மண் கொட்டுவது, அஸ்திவாரம் தாங்குமா, அடுத்த வெள்ளத்தில் என்ன ஆகும் என்பதே கமிட்டியின் கவலை. நானும் காணிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தண்ணீர் வந்தால் ஆலயம் போய்விடும் என்கிற பயம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. காரணம், என் அம்மா பிறந்த ஊர் தரங்கம்பாடி.

அங்கே 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கரையிறங்கினார். மறு ஆண்டே, 1707 ஆகஸ்டு 14 அன்று, எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதே கரையில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் அந்தக் கடல்தான் அரித்தது. அலைக்கு இவர் அவர் என்ற பேதமில்லை.

ஆலயம் போனதால் சபை போய்விட்டதா? 1530இல் எழுதப்பட்ட, எங்கள் லுத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவு, நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு, திருமுழுக்கும் திருவிருந்தும் முறையாக வழங்கப்படும் இடத்துக் கூட்டத்தையே திருச்சபை என்கிறது. கல், செங்கல், கூரை பற்றி அதில் பேச்சே இல்லை. லுத்தரன்கள் பின்லாந்தில் மரத்தால் கட்டினார்கள், தரங்கம்பாடியில் செங்கல்லால் கட்டினார்கள், இரண்டும் ஆலயமே. 1717இல் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11 அன்று புது எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார் சீகன்பால்கு. அடுத்த பிப்ரவரியில், 36 வயதில், இறந்துபோனார். உள்ளேதான் அடக்கம். முகப்பில், அந்த ஊரை அப்போது ஆண்ட டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையை இன்றும் பார்க்கலாம். 2004 சுனாமியையும் கடந்து அந்தக் கட்டடம் நிற்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அந்த உறுதியான சுவர்களுக்குள், ஒரே தேவனை ஆராதிக்க வந்தவர்கள் சாதி பார்த்துப் பிரிந்து உட்கார்ந்தார்கள். நடுவே இடைவெளி விட்டார்கள். மிஷனரிகளும் அதை அனுமதித்தார்கள். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குரு அவர், நமக்கெல்லாம் பெருமை. ஆனால் தஞ்சாவூர்ப் படையில் இருந்து ஊழியத்துக்கு வந்த ராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாத மனிதர்.

ஏழாம் பிரிவை வைத்துப் பார்த்தால், திருவிருந்து முறையாக வழங்கப்படவில்லை என்றுதானே சொல்ல வேண்டும்? கடல் கொண்டுபோன முதல் ஆலயத்தைவிட, நின்றுகொண்டிருந்த இரண்டாம் ஆலயத்தில்தான் திருச்சபை அதிகம் இடிந்து கிடந்தது என்று நான் நம்புகிறேன். கடுமையான பேச்சு என்று என் அண்ணன் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தை மதிக்கிறேன்; பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளாக, பெருங்குடி குப்பைக் கிடங்கில் வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்கள் எங்கள் ஆராதனைக்கு வருகின்றன. கடைசியில் பாய் விரித்து உட்காருகிறார்கள். நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன. இங்கே உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. "வாங்க, முன்னால வந்து உட்காருங்க" என்றும் யாரும் கூப்பிடவில்லை. எத்தனை அடி மண் கொட்டுவது என்று முடிவெடுக்கும் முன் இதைப் பேசுங்கள் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நானும் என் மருமகளும் அந்தப் பாயில் உட்காருவதாக இருக்கிறோம்.