எத்தனை தொட்டி?

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி, ஏற்காட்டில் இன்றும் தொட்டியில்தான் புளிக்கிறது. பல்ப்பரில் தோலுரிந்த அராபிகாக் கொட்டையின் வழவழப்பு கரைய ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரம். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும்.

தோட்டம் பெருகினால் ஒரே பெரிய தொட்டியாகக் கட்டத் தோன்றும். பழமோ ஒரே நாளில் பழுப்பதில்லை. நேற்றைய கொட்டைமேல் இன்றையதைக் கொட்டினால், பழையது மிகையாகப் புளித்து நாறும். புதியது வழவழப்போடே நிற்கும். உச்சப் பறிப்பு நாளின் வரத்தைக் கணக்கிட்டு, அதைக் கொள்ளும் அளவில் இரண்டு மூன்று தொட்டிகள் கட்டுவதே என் கட்சி. சிமெண்ட் கூடுதலாகும்தான். கழுவ ஆள் வராத நாளில் மூன்றும் போதாது.