ஏழையின் அடுக்களையும் விஞ்ஞானியின் கடமையும்

அறிவைத் தேடும் பொருட்டு, ஒருவர் இன்னொருவரது வீட்டில் நஞ்சு வைக்கலாமா? கரப்பான் பூச்சியைப் பற்றிய பேச்சில் இத்துணை பெரிய அறவினா எழுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் இப்பூச்சி தரும் துன்பம் அற்பமானதன்று. அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் நடத்தப்பெற்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆஸ்துமாவினால் வருந்தும் குழந்தைகளை ஆராய்ந்தது. கரப்பான் பூச்சி ஒவ்வாமையுடைய குழந்தைகள், அப்பூச்சி மலிந்த அறைகளில் உறங்கின், ஏனையோரினும் மிகுதியாக மருத்துவமனையிற் சேர்க்கப்பட நேர்ந்ததை அது எடுத்துக்காட்டிற்று.

மருந்தை ஆய்வுகூடத்திலேயே சோதித்தல் போதாதா? போதாது. அங்கு வளர்பவை பல தலைமுறைகளாக நஞ்சையே காணாத பூச்சிகள். குடியிருப்புகளில் வாழ்பவையோ நஞ்சோடு போராடித் தேறியவை. நஞ்சை இரையோடு குழைத்துச் சுவரிடுக்கிற் சிறு துளியாக வைக்கும் ஜெல் என்னும் பசையை எடுத்துக்கொள்வோம். தின்ற பூச்சி தன் மறைவிடத்திற் சென்று மடிகிறது. அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்பனவும் மடிகின்றன. ஆயினும் புளோரிடாவின் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த பூச்சிகள் இனிப்பு கலந்த நச்சிரையைத் தீண்ட மறுத்தன. அவை குளுக்கோசையே வெறுக்கின்றன என்று ஜூல்ஸ் சில்வர்மன் 1993இல் அறிவித்தார். குளுக்கோசு அவற்றுக்குக் கசக்கிறது என்பதை வட கரோலினா அரச பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் நிறுவினர். ஆய்வுகூடம் சொல்லாத உண்மையை அடுக்களை சொல்லிற்று.

ஆகவே, வீடுகளுக்குட் செல்லாமல் உண்மையை அறிய வழியில்லை. 2019இல் வெளியான ஆய்வொன்றில், அதே பல்கலைக்கழகத்தார் றாலி நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 20 வீடுகளிற் கடையில் விற்கும் மருந்துப்புகைக் குப்பிகளையும், 10 வீடுகளில் ஜெல்லையும் சோதித்தனர். புகை பூச்சிகளைக் குறைக்கவில்லை. ஏறத்தாழ அதே விலையுள்ள ஜெல் குறைத்தது. புகையடித்த வீடுகளிலோ, நஞ்சின் எச்சம் சராசரியாக 603 மடங்கு உயர்ந்தது. புகை பயனற்றது என்று காட்டுவதற்காகவே மக்கள் நடமாடும் இடத்தில் அந்நஞ்சு படிந்தது. இது நீதியா?

விடை கூறுமுன் ஒன்றை மறத்தலாகாது. வாணிபம் இதே பரிசோதனையை நெடுங்காலமாக நடத்தியே வந்துள்ளது. குப்பியை வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் அதிற் பங்குகொண்டது. ஆனால் எவரும் கணக்கு எழுதவில்லை. எவரும் முடிவைச் சொல்லவில்லை. சோதியாதிருத்தல் குற்றமற்ற நிலையன்று. கணக்கில்லாத பரிசோதனையைத் தொடரவிடுதலே அது. எனவே, வீடுகளிற் பரிசோதனை வேண்டும் என்பதே என் துணிபு. ஆனால் அதற்குச் சில கடப்பாடுகள் உண்டு.

மறுத்தால் வாடகைவீடு பறிபோகுமோ என்று அஞ்சுபவர் தரும் சம்மதம் சம்மதமன்று. வைக்கப்படும் நஞ்சு எது, அதனால் நேரக்கூடிய தீங்கு எது என்பதை அவர் அறிந்த மொழியிற் கூறவேண்டும். முடிவு ஆய்வேட்டுக்குச் செல்லுமுன் கதவைத் திறந்துவிட்ட குடும்பத்துக்குச் சென்றாக வேண்டும். பயனற்ற மருந்து எந்த வீடுகளில் அடிக்கப்பட்டதோ, அந்த வீடுகளுக்கே பயனுள்ள மருந்து முதலில் உரியது.

இன்னுமொன்று: கரப்பான் பூச்சியை ஏழையின் அழுக்குக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் ஒழியவேண்டும். குழாய் நுழையும் துவாரங்களினூடே அது வீடுவிட்டு வீடு செல்கிறது. நீர் கசியும் குழாயையும் வெடித்த சுவரையும் திருத்தாது வாடகையை மட்டும் வாங்குவோரின் கடமையை எந்தப் பசையும் நிறைவேற்றாது. மருந்தைச் சோதிக்கச் செல்பவர் அச்சுவரையும் தம் குறிப்பேட்டில் எழுதுவாராக. அப்பொழுதே அவரது பரிசோதனை அவ்வீட்டாருக்கும் உரியதாகும்.